லேவ்ல இருந்து லீஸ்டிக்கு 16 டன் ஃபுட்

கார்த்தி: பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர்ல எலைட் ஓடுது, அந்த விண்வெளி வியாபார கேம் 🚀 பிபிசி மைக்ரோங்கிற பழைய கம்ப்யூட்டரோட டிஸ்க் வெர்ஷன். கமாண்டர் ஜேம்சன், 100 கிரெடிட், லேவ் கிரகத்து ஸ்டேஷன்ல நிக்குது. சித்தப்பா, முதல்ல லேசர் வாங்கவா?

முரளி சித்தப்பா: லேசர் பக்கமே போகாத. முன்னாடி ஒரு பல்ஸ் லேசர், மூணு மிசைல், 7 ஒளியாண்டு ஃப்யூவல் எல்லாம் ஏற்கனவே இருக்கு. எஃப்1 அமுக்கு, ஃபுட் எவ்ளோ காட்டுதுன்னு பாரு.

கார்த்தி: 16 டன். விலை 3.6

முரளி சித்தப்பா: மொத்தத்தையும் அள்ளு. 57.6 ஆகும். கப்பலோட சரக்கு ஹோல்டு 20 டன்தான், மீதி 4 டன்னுக்கு டெக்ஸ்டைல்ஸ் 6.0 விலையில போடு. கையில 18.4 நிக்கும். பக்கத்துக் கிரகம் லீஸ்டிக்குப் போய் வித்தா குறைஞ்சது 143.2 ஆயிடும்.

நிலா: அங்க என்ன விலைன்னு போறதுக்கு முன்னாடியே எப்படி சித்தப்பா தெரியும்?

முரளி சித்தப்பா: அது அக்கா டிபார்ட்மென்ட்

கீதா அத்தை: ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு அடிப்படை எண் இருக்கு நிலா. ஊரோட பொருளாதாரத்துக்கு 0 முதல் 7 வரை ஒரு எண். பணக்காரத் தொழில் கிரகம் 0, ஏழை விவசாயக் கிரகம் 7. ஃபுட்டுக்கு அடிப்படை 19, ஒவ்வொரு படிக்கும் 2 குறையும். லேவ் பணக்கார விவசாயம், அதாவது 5. 19ல 10 போனா 9. அதை 0.4ஆல பெருக்கு.

நிலா: 3.6!! 😲

கீதா அத்தை: லீஸ்டி ஏழைத் தொழில் கிரகம், எண் 2. 19ல 4 போனா 15, விலை 6.0. இதுக்கு மேல சின்னதா ஒரு ராண்டம் எண் சேரும். ஃபுட்டுக்கு அது 0 இல்லன்னா 1, அதனால 6.0 இல்லன்னா 6.4. அவ்ளோதான் மொத்த மார்க்கெட்டும். சரக்கு இருப்பும் இதே மாதிரிதான்: 6 கூட்டல் 10, அதான் லேவ்ல 16 டன்.

ரவி மாமா: விலை சொல்லியாச்சு. ஸ்டேஷன் சுவத்துல மோதாம உள்ள போறது எப்படின்னு யாராவது சொன்னீங்களா?

கீதா அத்தை: அதுக்குத்தான நீங்க இருக்கீங்க

ரவி மாமா: கார்த்தி, நல்லாப் படி. ஸ்டேஷன் வாசல் எப்பவும் கிரகத்தைப் பார்த்துத்தான் இருக்கும். டேஷ்போர்டுல எஸ் எழுத்து வந்ததும் ஸ்டேஷன் பக்கத்துல வந்துட்டேன்னு அர்த்தம், காம்பஸ் புள்ளியும் ஸ்டேஷனுக்கு மாறிடும். உடனே நேரா அதை நோக்கிப் போகாத. ஸ்டேஷனுக்கும் கிரகத்துக்கும் நடுவுல போய் நில்லு. அப்புறம் திரும்பினா வாசல் முகத்துக்கு நேரா தெரியும்.

ரவி மாமா: ஸ்டேஷன் சுத்திக்கிட்டே இருக்கும். நீயும் அதே வேகத்துல உருளணும். வாசலோட நீளப்பக்கம் கிடைமட்டமா வர்ற நேரத்துல உள்ள போகணும். கிடைமட்டத்துல இருந்து 30 டிகிரி சாய்வு வரைக்கும் தாங்கும். நேரா வராம பக்கவாட்டுல நுழைஞ்சாலும் இடிக்கும், வர்ற கோணத்தையும் அது தனியா சோதிக்கும். நல்லா ஊர்ந்து வந்தா தப்பா இடிச்சாலும் ஷீல்டு மட்டும் அடிபடும், வேகமா வந்தா ஆட்டம் முடிஞ்சது.

கார்த்தி: டாக்கிங் கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கே மாமா?

ரவி மாமா: 1500 கிரெடிட். கமடோர் 64 கம்ப்யூட்டர் வெர்ஷன்ல அதைப் போட்டா ‘ப்ளூ டான்யூப்’ வாசிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போகும். அந்த இசைக்கே 1500 குடுக்கலாம்.

முரளி சித்தப்பா: அத்தான் சொல்றார்னு முதல் காசை அதுல போட்றாத. முதல்ல 400 குடுத்து லார்ஜ் கார்கோ பே. 20 டன் ஹோல்டு 35 டன் ஆயிடும். சம்பாதிக்கிறது அதுதான், மத்ததெல்லாம் செலவு.

கீதா அத்தை: முரளி சொல்றது சரி. ஆனா அதுக்கு அடுத்தது 600க்கு ஈசிஎம். வர்ற மிசைலை இ அமுக்கி வெடிக்க வைக்கலாம். கவனம், நீ விட்ட மிசைலும் சேர்ந்து வெடிச்சிடும். அப்புறம் 1000க்கு பீம் லேசர்.

கார்த்தி: லீஸ்டி வந்தாச்சு, வித்தாச்சு. 143.2 கரெக்டா வந்துச்சு அத்தை 🙌 இப்ப திரும்ப என்ன எடுத்துட்டுப் போக?

முரளி சித்தப்பா: கம்ப்யூட்டர். அங்க 72.8, லேவ்ல 89.6.

கார்த்தி: 143க்கு ஒரு டன்தான் வருது. மெஷினரி 51.6 தானே, ரெண்டு வாங்கலாமே

கீதா அத்தை: மெஷினரி லேவ்ல 58.8 சுமார். 51.6 போட்டா 7.2 லாபம், நூத்துக்கு 14. கம்ப்யூட்டர்ல நூத்துக்கு 23. ஃபுட்ல 3.6 போட்டு 2.4 லாபம் எடுத்த, அது 67. இப்ப உன்கிட்ட இடம் இருக்கு, காசு இல்ல. அப்போ பாக்க வேண்டியது சதவீதம். காசு சேர்ந்ததும் தலைகீழா மாறும்: காசு இருக்கும், ஹோல்டுல இடம் இருக்காது. அப்போ டன்னுக்கு எவ்ளோன்னு மட்டும் பாரு. நிறைய பேர் ஃபுட்டையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு முன்னேறாம நிக்கிறது இதை மாத்தாததாலதான்.

முரளி சித்தப்பா: 35 டன் பே வந்ததும் லீஸ்டியை விட்ரு, ஸாவோன்ஸ் போ. அது சராசரித் தொழில் கிரகம், எண் 1. கம்ப்யூட்டர் 67.2, இருப்பு 42 டன்னுக்குக் குறையாது. லேவ்ல வித்தா டன்னுக்கு 22 சுமார், 35 டன்னுக்கு 780ஐ ஒட்டி வரும். போகும்போது ஃபர்ஸ், அதான் விலங்குத் தோல், ஏத்தலாம், ஆனா அதுல ராண்டம் ஏத்தம் 25 கிரெடிட் வரைக்கும் இருக்கு. லேவ்ல 60க்கு மேல காட்டினா தொடாத. கம்ப்யூட்டர்ல அந்த ஆட்டம் 1.2க்கு மேல கிடையாது.

நிலா: லேவ்ல நார்காட்டிக்ஸ், அந்த போதைப்பொருள், 49.6 காட்டுச்சே, அது?

ரவி மாமா: போலீஸோட வைப்பர் கப்பல் பின்னாடியே வரும் 😄

கீதா அத்தை: அதுல ஒரு வேடிக்கை இருக்கு. அடிப்படை 235, படிக்கு 29 கூடும். லேவுக்கு 235 கூட்டல் 145, மொத்தம் 380. ஒரு பைட்ல 255க்கு மேல நிக்காது, 256 கழண்டு போய் 124 மிஞ்சும். 124 × 0.4 = 49.6. ஸாவோன்ஸ்ல 264, அதுல 256 போனா வெறும் 8, விலை 3.2! 0.4ஆல பெருக்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணோட ராண்டமா 120 வரைக்கும் சேரும். அதனாலதான் அந்த ஒரு சரக்கு மட்டும் இன்னிக்கு தண்ணி விலை, நாளைக்கு தங்க விலை.

கார்த்தி: அப்போ லாபம் பயங்கரமா இருக்குமே

கீதா அத்தை: இருக்கும். ஆனா ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு டன்னுக்கும் 2 புள்ளி உன் பேர்ல ஏறும். ஸ்லேவ்ஸுக்கும் அதே, துப்பாக்கிக்கு 1. 50 ஆனா ஃப்யூஜிட்டிவ், அதாவது தேடப்படற குற்றவாளி. ஒவ்வொரு ஹைப்பர்ஸ்பேஸ் தாவலுக்கும் பாதியாகும், அதனால ஆறேழு தாவல்ல கழுவிடலாம். இப்ப இருக்கிற பல்ஸ் லேசரோட முயற்சி பண்ணாத.

ரவி மாமா: ரீட்குவாட் பக்கமும் போயிடாத கார்த்தி. அனார்க்கி, அரசாங்கமே இல்லாத ஊர். கொள்ளைக்காரங்க கூட்டமா வருவாங்க.

கார்த்தி: ஒரே ஊருக்குள்ள தூரத்தைச் சட்டுனு தாண்ட ஜே அமுக்கினா சில சமயம் வெறும் பீப் வருது, தாவ மாட்டேங்குது. ஏன்?

ரவி மாமா: பக்கத்துல கப்பல் ஏதாவது இருக்கும், இல்ல கிரகமோ சூரியனோ ரொம்ப நெருக்கம். ரேடார்ல பாரு. சும்மா போற வியாபாரிக் கப்பலா இருந்தா வேற பக்கம் திரும்பி விலகிட்டு ஜே அமுக்கு. சுட்டுடாத.

முரளி சித்தப்பா: ஃப்யூவலை விளிம்பு வரைக்கும் இழுக்காத. ஒரு ஒளியாண்டுக்கு 2 கிரெடிட்தான், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிரப்பிக்கோ. எப்பவாவது ஹைப்பர்ஸ்பேஸ் தாவல் பாதியில தவறி தார்காய்டுங்கிற ஏலியன் எதிரிங்க நடுவுல விட்ரும். அவங்களை அடிச்சாலும் அங்கிருந்து அடுத்த ஊருக்குத் தாவ மிச்சம் ஃப்யூவல் இல்லன்னா அங்கயேதான். அவங்க தாய்க்கப்பல் வெடிச்சா அதோட சின்ன தார்கான் கப்பல் எல்லாம் செத்து மிதக்கும், ஃப்யூவல் ஸ்கூப் இருந்தா அள்ளி ஏலியன் ஐட்டம்ஸா விக்கலாம்.

ரவி மாமா: ஸ்கூப் 525. சூரியன்கிட்ட போனா ஃப்யூவலும் இலவசம். கேபின் டெம்பரேச்சர் பட்டை மேல ஏறும், முழுசாகிறதுக்குள்ள மூக்கைத் திருப்பு. வேகமா போனா சீக்கிரம் நிரம்பும், மெதுவா போறதுல ஆதாயமே இல்ல.

நிலா: 2048 ஊர் இருக்காமே, அதெல்லாம் 32 கேபி மெமரி மெஷின்ல எப்படி அத்தை அடைச்சாங்க?

கீதா அத்தை: அடைக்கவே இல்லம்மா. 8 கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் 256 ஊர். ஒரு கேலக்ஸிக்கு வெறும் 6 பைட் விதை, மூணு 16 பிட் எண். மூணையும் கூட்டினா புது எண், பழசுல ஒண்ணு வெளிய. இப்படி நாலு தடவை பண்ணினா அடுத்த ஊர். பேரும் அதுல இருந்தே, ரெண்டு ரெண்டு எழுத்தா ஒட்டி: லா-வே, டி-சோ, லீ-எஸ்-டி. அடுத்த கேலக்ஸிக்கு ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் சுழட்டுவாங்க, எட்டாவது சுழட்டல்ல முதல் கேலக்ஸி திரும்ப வந்துடும். 1984ல டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் எழுதினது. இன்னிக்குப் படிச்சாலும் ரசிக்கலாம்.

ரவி மாமா: திரையையும் சொல்லு. மேல கறுப்பு வெள்ளை, கீழ டேஷ்போர்டு மட்டும் கலர். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவுல டைமர் வச்சு திரை மோடையே மாத்துவாங்க.

முரளி சித்தப்பா: ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வெர்ஷன் எடுத்துடாதீங்க. அதுல திருட்டு காப்பியைத் தடுக்க லென்ஸ்லாக்னு ஒரு பிளாஸ்டிக் பட்டகம். திரையில கலைஞ்சு கிடக்கிற எழுத்தை அது வழியா பாத்து ரெண்டெழுத்து கோடு அடிக்கணும். டிவி சைஸுக்குத் தகுந்த மாதிரி அளவு சரி பண்ணலன்னா எதுவும் தெரியாது. தப்பான பட்டகம் வச்ச பெட்டியும் கொஞ்சம் வித்துப் போச்சு.

கார்த்தி: 😂 சரி, இப்ப சேவ் எப்படி? எலைட் ரேங்க் ஆக எத்தனை கப்பலை அடிக்கணும்?

ரவி மாமா: 6400. 8 அடிச்சா மோஸ்ட்லி ஹார்ம்லெஸ், 128ல காம்பிடன்ட், 512ல டேஞ்சரஸ், 2560ல டெட்லி. 256க்கு ஒரு தடவை ‘ரைட் ஆன் கமாண்டர்’னு தட்டிக் குடுக்கும்.

கீதா அத்தை: ஸ்டேஷன்ல நிக்கும்போது அட் குறி விசை. பேர் 7 எழுத்துக்குள்ள. அதுக்கு முன்னாடி எமுலேட்டர் மெனுல டிஸ்க் ரைட் ப்ரொடெக்ட் எடுத்துட்டியான்னு பாரு, பல எமுலேட்டர்ல அது முதல்லயே ஆன்ல இருக்கும். அது இருந்தா சேவ் ஆகாது.

கார்த்தி: ஆன்ல இருக்கு அத்தை

முரளி சித்தப்பா: எடுத்துட்டு சேவ் பண்ணு. அப்புறம் அந்த ஒரு டன் கம்ப்யூட்டரை ஏத்திக்கிட்டு லேவ் போ, மறுபடி 16 டன் ஃபுட்