மூவாரில் புகை, சேர்வராயனில் தீ: யாரைக் கேட்பது?

கன்னங்குறிச்சிக்காரன்

சேலத்துச் சேர்வராயன் மலையில் மறுபடியும் தீ. இரவு மொட்டை மாடியில் நின்றால் சரிவில் சிவப்புக் கோடு தெரிகிறது, காலையில் கொடியில் கிடந்த துணியை எடுத்தால் கரி வாடை. ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "அது அந்தப் பக்கம்ங்க, எங்க எல்லையில வராது" என்றார்கள். அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போட்டால், "புகை உங்க ஊர்லதானே தெரியுது? அங்கேயே சொல்லுங்க." ஏற்காடு தாலுகா எங்கே முடிகிறது, தர்மபுரி மாவட்டத்துப் பொம்மிடி எங்கே தொடங்குகிறது என்று தீக்கு யார் போய்ச் சொல்வது?

இதையே நாடு அளவுக்குப் பெரிதாக்கினால் இந்தோனேசியப் புகைமூட்டம். சுமத்ராவில் எரியும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஜனங்கள் இருமுவார்கள். 1997, 2006, 2013, 2015, 2019 என்று திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2002-லேயே தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கோலாலம்பூரில் உட்கார்ந்து இந்தப் புகைக்கு எதிராக ஒப்பந்தம் போட்டாயிற்று. எரிகிற நாடான இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014-ல். பன்னிரண்டு வருஷம்! என் கட்சி இதுதான்: எல்லை என்பது அரசாங்கங்களுக்கு வாகாகக் கிடைத்த சாக்கு. மறுப்பவர்கள் வரலாம்.

ஐந்துரோடு

வந்துவிட்டேன். எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தைத் திட்டுவது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்கு. மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்பதெல்லாம் பாட்டி சொன்ன கதை அண்ணா. ஒருவன் பீடித் துண்டை வீசுகிறான், ஒருவன் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துகிறான், இன்னொருவன் 40 அடி பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திக் கறி சுட்டுவிட்டு அணைக்காமல் போகிறான். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா?

இந்தோனேசியாவுக்கு வருவோம். அங்கே நிலத்தைக் கொளுத்துவது பெரும்பாலும் எதற்கு? பாமாயிலுக்கும் காகிதக் கூழுக்கும். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு இந்தியா. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய் பாக்கெட்டை வாங்கி வந்து, அதில் வடை சுட்டுத் தின்றுகொண்டே ஜகார்த்தாவைத் திட்டினால் எப்படி?

மூவார் மருமகள்

பிறந்தது ஆத்தூர், வாக்கப்பட்டது ஜோகூர் மாநிலத்து மூவார். அதனால் இதில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2013 ஜூனில் எங்கள் ஊருக்கும் பக்கத்து லேடாங்குக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். காற்று மாசுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே அபாயம். எங்களுக்கு 700-ஐத் தாண்டியது. மாமியாருக்கு ஏற்கெனவே இழுப்பு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி சொருகி, விளக்கைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அதே வாரம் சிங்கப்பூரில் 401 வந்ததைத்தான் உலகம் பேசியது. அது வேறு வயிற்றெரிச்சல், விடுங்கள்.

ஐந்துரோடு தம்பி, வடை சுட்டவர் தலையில் பழியைக் கட்டுவது சுலபம். சதுப்புக் காட்டுக்குள் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க உரிமம் கொடுத்தது யார்? யுதோயோனோ இந்தோனேசிய அதிபராக இருந்தபோது 2013-ல் மன்னிப்புக் கேட்டார், அதை மதிக்கிறேன். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, துணை அதிபர் யூசுப் கல்லா வந்து, 11 மாதம் எங்கள் காட்டிலிருந்து நல்ல காற்று வருகிறதே, அதற்கு அண்டை நாட்டார் நன்றி சொன்னார்களா என்று கேட்டார். எங்கள் அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்தை மூடு, முகக்கவசம் கொடு, செயற்கை மழைக்கு விமானம் அனுப்பு, மழை வந்ததும் மறந்துவிடு. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளின் பணமும் இருக்கிறது. அதைக் கேட்டால் பேச்சு மாறும்.

நைட் ஷிப்ட்

இந்தோனேசியப் புகை சேலம் வரைக்கும் வருது, ஜன்னலைச் சாத்துங்கன்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சே, உண்மையா?

பழைய வனவர்

தம்பி நைட் ஷிப்ட், அங்கே எரிகிற காலத்தில் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. நம் காற்று அரபிக்கடல் பக்கமிருந்து வருகிறது. சுமத்ராப் புகை சேலம் ஜங்ஷனில் வந்து இறங்காது. அதை அனுப்பியவரிடம் சொல்லிவிடு.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம். இரண்டு தீயையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறீர்கள். நம் மலைச்சரிவில் இருப்பது இலையுதிர் காடு. தை, மாசியில் சருகு கணுக்கால் உயரம் கிடக்கும், நடுவில் உண்ணிச்செடி காய்ந்து நிற்கும். தீ தரைக்கு மேலே ஓடும், சரிவில் மேல்நோக்கி வெறிபிடித்த மாதிரி ஏறும், சருகு தீர்ந்தால் அடங்கும். சுமத்ராவிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் எரிவது மண். இலையும் தண்டும் மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த மண் அது, சில இடத்தில் பல மீட்டர் ஆழம். தண்ணீர் இருக்கும்வரை அதைக் கொளுத்த முடியாது. வடித்துவிட்டால் தீ அடியிலேயே கனிந்துகொண்டு வாரக்கணக்கில் போகும். மேலே ஊற்றுகிற தண்ணீர் ஒன்றும் செய்யாது, பெருமழைதான் அணைக்கும். சரியாக எரியாமல் கனிவதால்தான் அவ்வளவு புகை. பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வந்து மழை தள்ளிப்போன 1997-ம் 2015-ம் அவ்வளவு மோசமாக இருந்ததற்கு அதுதான் காரணம். அங்கே உரிமம், கால்வாய், கம்பெனி என்று பிடிக்க ஆள் இருக்கிறது. இங்கே தீ வைத்தவனைப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

அப்புறம், களத்தில் இருக்கிறவனைத் திட்டாதீர்கள். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்து போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், செயற்கைக்கோளும் தலைக்கு மேலேயே நிற்பதில்லை. செய்தி வந்து, காவலர் ஏறிப் போவதற்குள் தீ அடுத்த சரிவுக்குப் போயிருக்கும். மேலே தண்ணீர் லாரி போகாது. பச்சைக் கிளையை ஒடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்களே, அந்தத் தீக்கு முன்னால் எந்த அதிகாரியும் ஒன்றும் செய்திருக்க முடியாது. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

கன்னங்குறிச்சிக்காரன்

ஐயா, கடைசி வரியில் என் கட்சிக்கே வந்துவிட்டீர்கள். முன்னாலேயே செய்ய வேண்டியது யார்? நானா?

காபிக்காடு

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். காட்டோடு வேலி ஒட்டிய தோட்டம் வைத்திருப்பவரைக் கேளுங்கள், பிப்ரவரியிலிருந்து தூக்கம் கிடையாது. மார்ச் மழைக்குக் காபி பூக்கும். அதற்கு முன் தீ உள்ளே வந்தால் செடி, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி எல்லாம் கருகும். மறுபடி காய்க்க எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஒவ்வொரு தீக்கும் "மலைக்காரங்கதான் வெச்சிருப்பாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பும். மலையாளி பழங்குடி மக்களைத்தான் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்துக்குள் தீ வந்தால் கிளையோடு முதலில் ஓடிவருவது அவர்கள்தான். எரிகிற ஓரத்திலேயே வீடும் மாடும் வைத்திருப்பவர்கள் அவர்கள். இந்தோனேசியாவிலும் இதே கதை. அங்கே 2009-ல் வந்த சுற்றுச்சூழல் சட்டம், பரம்பரை வழக்கப்படி பயிர் செய்கிறவர் 2 ஹெக்டேர் வரை எரித்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. பெரிய கம்பெனியின் நிலத்தில் புகை கிளம்பினால், பக்கத்துக் குடியானவன் வைத்தது என்று கையைக் காட்டிவிடலாம்.

ஐந்துரோடு

காபிக்காடு அண்ணா, தோட்டத்தில் கவாத்து வெட்டிய குப்பையை எரிப்பவர்களே இல்லையா? அதையும் எழுதுங்கள். பழங்குடியைத் திட்டக்கூடாது, வனத்துறையைத் திட்டக்கூடாது, தோட்டக்காரரைத் திட்டக்கூடாது. மிச்சம் இருப்பது சுற்றுலா வருகிறவனும் நானும்தான் போலிருக்கிறது.

காபிக்காடு

இருக்கிறார்கள். எரிப்பவர் மேல் வழக்குப் போடட்டும், நானே சாட்சி சொல்கிறேன். யார் போடுவது, எந்தத் தாலுகாவில் என்பதுதானே கேள்வி?

கோர்ட்டு வளாகம்

வழக்கு என்றதும் உள்ளே வந்தேன். பேச்சு வாக்கில் போகிறது, கொஞ்சம் பதிவுகளைப் பார்ப்போம்.

2015-ல் இந்தோனேசியாவில் எரிந்தது சுமார் 26 லட்சம் ஹெக்டேர் என்பதும், நஷ்டம் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்பதும் உலக வங்கியின் மதிப்பீடு. அந்தப் புகையால் முன்கூட்டியே செத்தவர்கள் 1 லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கிட்டார்கள். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றுமே அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லை தாண்டிய ஒற்றுமை!

மத்திய கலிமந்தானில் பாலங்கராயா என்ற ஊர். 2015-ல் அங்கே குறியீடு 1,000-ஐத் தாண்டியது. அந்தப் பகுதி ஜனங்கள் சிலர் சேர்ந்து அதிபர் ஜோகோ விடோடோ மேலேயே வழக்குப் போட்டார்கள். நஷ்டஈட்டுக்காக அல்ல. சட்டத்துக்கு உரிய விதிகளை எழுது, புகையால் நோயானவர்களுக்கு இலவச மருத்துவமனை கட்டு என்று கேட்டார்கள். 2017-ல் உள்ளூர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள், 2019-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. அரசாங்கம் விடாமல் மறுசீராய்வுக்குப் போய் 2022-ல் தீர்ப்பைத் தனக்குச் சாதகமாக மாற்றி வாங்கியது. ஆஸ்பத்திரி கட்டுவதற்குச் செலவழிக்க வேண்டிய மூளையை எங்கே செலவழித்தார்கள் பாருங்கள்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. வெளிநாட்டில் எரித்தாலும் புகை எங்கள் ஊருக்கு வந்தால் கம்பெனிக்கு நாளுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை, மொத்தம் 20 லட்சம் வரை அபராதம் என்று 2014-ல் சட்டம் போட்டது. ஆசியான் ஒப்பந்தத்தில் மீறினால் தண்டனை என்று ஒன்றுமே இல்லாதபோது இது பெரிய விஷயம். ஆனால் எந்த நிலம் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்ற வரைபடம் அந்தப் பக்கத்து அரசின் பெட்டியில் இருக்கிறது. ஆதாரம் அங்கே, நீதிமன்றம் இங்கே.

ஐந்துரோடு

ஆக, வழக்குப் போட்டும் கடைசியில் பூஜ்யம், சட்டம் போட்டும் ஆதாரம் இல்லை. நான் சொன்னதைத்தான் நீங்கள் நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். ஜனங்கள் மாறாமல் ஒன்றும் மாறாது. பாமாயிலை நிறுத்துங்கள்.

மூவார் மருமகள்

நிறுத்திவிட்டு? கடலை எண்ணெய் என்ன விலை விற்கிறது என்று செவ்வாய்ப்பேட்டையில் விசாரித்துவிட்டு வாருங்கள் தம்பி. ஆத்தூரில் என் அக்கா வீட்டில் அந்த ரேஷன் பாக்கெட் இல்லாமல் மாதம் ஓடாது. அவள் கையில் என்ன இருக்கிறது, வாங்குவதா வேண்டாமா என்பதா? அவள் கையில் அதுகூட இல்லை. ஆனால் கடைக்கு வாங்குவது யார்? தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. சதுப்பு நிலத்தை எரித்து விளைந்த எண்ணெய் வேண்டாம் என்று அந்த டெண்டரில் ஒரு நிபந்தனை போட என் அக்காவால் முடியாது, அரசாங்கத்தால் முடியும். உங்கள் வடையும் அங்கேதான் போய் நிற்கிறது, வீட்டு அடுப்பில் இல்லை.

ஐந்துரோடு

சரி, அந்த டெண்டர் விஷயம் நல்ல அடி. விலை ஏறினால் இதே ஜனங்கள் ரோட்டில் உட்காருவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக பீடித் துண்டு வீசுகிறவனை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனு எழுதலாம் என்றிருக்கிறேன். சேலம், தர்மபுரி இரண்டு பக்கத்து வனக்கோட்டமும் சேர்ந்து ஒரே போன் எண் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் எரிந்தாலும் எடுத்தவர் பதிவு செய்ய வேண்டும். தீ தாண்டாதபடி சருகை நீக்கித் தீத்தடுப்புக் கோடு எடுத்த இடங்களின் பட்டியலைச் சரிவு வாரியாக ஊராட்சியில் ஒட்ட வேண்டும். பாமாயில் டெண்டர் ஆட்சியர் கையில் இல்லை, அது தனியாகச் சென்னைக்கு.

பழைய வனவர்

கோடு எடுப்பதற்குத் தேதியையும் எழுது. தை முடிவதற்குள் என்று போடு. காசு மாசிக் கடைசியில் வந்தால் அந்த வருஷம் கோடு கிடையாது, காவலர் கையில் கிளைதான். தற்காலிகக் காவலர் கூலியை மாதாமாதம் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேர். அப்புறம் அந்தச் செயற்கைக்கோள் செய்தி துறைக்கு மட்டும் இல்லை, பொதுஜனமும் இணையத்தில் பதிந்தால் அவரவர் பகுதிக்கு வரும். ஏற்காட்டுக்காரர்கள் எல்லாரும் பதிந்துகொள்ளுங்கள். செய்தி வந்த நேரத்தைக் குறித்து வைத்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

ஐந்துரோடு

மலைப்பாதை ஓரம் அடுப்பு மூட்டினால் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டும் என்று சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கோர்ட்டு வளாகம்

சேர்க்கலாம். சேலம் ஆட்சியருக்கு மட்டும் கொடுத்தால் தர்மபுரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வரும், அத்தோடு முடிந்தது. இரண்டு ஆட்சியருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பொம்மிடிப் பக்கம் குடியிருப்பவர் ஒருவராவது கையெழுத்துப் போட்டால் நல்லது. யாராவது இருக்கிறீர்களா?

நைட் ஷிப்ட்

எங்க மாமா ஊரு பொம்மிடிதாங்க. ஞாயித்துக்கிழமை போறேன். மனுவை அனுப்புங்க, கையெழுத்து வாங்கிட்டு வர்றேன்.