பொன்னாடை இல்லாமல் பெரியவர்களிடம் கற்றவை: மலையக அனுபவங்கள்

பண்டாரவளைக்காரன்

ஒக்டோபர் 1 வந்தால் இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதியோர் தின விழா நடக்கும். பிரதம விருந்தினர் வரும்வரை கிழவர்களும் கிழவிகளும் பிளாஸ்டிக் கதிரைகளில் வெயில் காய்வார்கள். அவர் பேசி முடித்ததும் ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு பிஸ்கட் பொதி. அவர்களை ஒரு வார்த்தை பேசவிட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த விழாக் கதைகள் இங்கே வேண்டாம். தொண்டு வேலை ஒன்றில் பழைய ஆட்களோடு சேர்ந்து நின்றபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதனால் ஐப்பசி மழைக்கு முன் கான்களை (மழைநீர் வடிகால்களை) துப்புரவாக்க எங்கள் இளைஞர்கள் சம்பளமில்லாத பொதுவேலையாகச் சிரமதானம் வைக்கிறார்கள். மேற்பார்வைக்கு, காலமெல்லாம் கான் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவை அழைத்தோம். ஊன்றுகோலோடு ஏறி வந்தவர் முதல் கானைப் பார்த்ததும், "இது கான் இல்லை தம்பி, சறுக்குமரம்" என்றார். நேர் சரிவாக வெட்டினால் வெள்ளம் மண்ணையும் அறுத்துக்கொண்டு போய்விடும். மலைக்குக் குறுக்கே, சற்றே சாய்வாக வெட்ட வேண்டும். வண்டல் தங்குவதற்கு இடையிடையே குழி விட வேண்டும். அள்ளிய மண்ணைக் கீழே தள்ளாமல் மேல்பக்கத் தேயிலைத் தூரில் போட வேண்டும். காய்ந்த இலை ஒன்றைத் தண்ணீரில் விட்டு, அது போகிற வேகத்தைப் பார்த்தே சாய்வு கூடுதலா குறைவா என்று சொல்லிவிட்டார்.

ஊற்று திடீரென்று கலங்கினால், புது இடத்தில் நீர் கசிந்தால், நேராக நின்ற மரம் சாய்ந்தால் இரவென்று பார்க்காமல் லயத்தை விட்டு வெளியேறு என்பதும் அவர் சொன்னதுதான். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல்களிலும் இதே அறிகுறிகள் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்ற கணக்கு மட்டும் அவருக்குப் புதிது. மழைமானியைப் பார்த்துக் குறிப்பெழுதும் பையனிடம் தினமும் காலையில் அளவைக் கேட்டுக்கொள்கிறார். எங்கள் பகுதியில் அதைத் தவறாமல் கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

மஸ்கெலியாக்காரி

கான் வெட்டினால் படம் எடுத்துப் போடலாம். நாங்கள் செய்வது படிவம் நிரப்பும் வேலை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஓய்வுபெற்றுப் பெறலாம். கைக்கு வருவதற்குள்தான் பாடு. பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், தோட்டச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ராமையா என்று ஆணாகவே மாறியிருப்பார். மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) முடிக்க வேண்டும். இதற்காகத்தான் நாங்கள் சில பெண்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைமடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) மேசை போட்டு உட்காருகிறோம்.

ஒருநாள் கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மாயி ஒருவர் வந்தார். நிரப்பி முடித்து மைப்பெட்டியை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டார். "படித்துக் காட்டு." சுருக்கமாகச் சொன்னேன். "உன் கதையைக் கேட்கவில்லை பிள்ளை, அதில் இருப்பதைப் படி." அலுவலகத் தமிழில் இருந்த அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். விளங்காத இடங்களில் நிறுத்திக் கேட்டார். அவற்றில் பாதி எனக்கும் விளங்கவில்லை.

பிறகுதான் காரணம் சொன்னார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்திட்டன. அதன்பின் ஒருநாள் அவருடைய அப்பா லாம்பு வெளிச்சத்தில் ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். நிரப்பியவர் வேறொருவர். எந்த நாட்டுக்கு மனுப் போட்டோம் என்பது பதில் கடிதம் வந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பாவும் தம்பிமாரும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள்; இப்போது அவர்கள் வழியினர் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். கல்யாணம் முடித்திருந்த இவர் இங்கேயே நின்றுவிட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் அவரும் வருகிறார். படித்துக் காட்டாமல் மைப்பெட்டியைத் திறக்கிற பிள்ளைக்குக் கையில் ஓர் அடி விழும். வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் சொல்லும் கதைகள் வேறு. ஒரே மலையில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்ததை, 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகே அது சமமானதை மாதர் சங்கத் தலைவியாக இருந்த அவர் வாயால் கேட்க வேண்டும். எங்கள் வயதுப் பெண்கள் பலர் அது ஏதோ துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) மனமிரங்கிக் கொடுத்தது என்றே நினைத்திருந்தார்கள்.

கையெழுத்துப் போடக் கற்றுத் தருகிறேன் என்றேன். "வாசிக்கச் சொல்லிக் கொடு, கையெழுத்து அப்புறம்" என்கிறார். 'ட' வரைக்கும் வந்திருக்கிறோம்.

தலவாக்கலை வாசகன்

1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த சிவனு லெட்சுமணனை நினைவுகூர நாங்கள் ஒரு கூட்டம் வைத்தோம். பேச அழைத்த முதியவர், அந்தப் போராட்டத்துக்குக் காரணமான, தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பறிக்கும் திட்டத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார். பிறகு போராட்ட நாட்களில் எந்த லயத்தில் அரிசி சேர்த்தார்கள், யார் சமைத்தார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சமைத்தவர்களில் இருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நாவலப்பிட்டி

எல்லாம் சரி. ஆனால் பெரியவர் சொல்வதெல்லாம் வேதம் என்று ஆகிவிடக் கூடாது. மன்மதன் கதையை ஆடும் எங்கள் காமன் கூத்து வாத்தியார் தப்பு என்ற பறையை அடிப்பதில் கெட்டிக்காரர். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று பையன்களுக்குப் பொறுமையாகப் பழக்குகிறார், ஒரு சதம் வாங்குவதில்லை. பெண் பிள்ளைகள் தப்பைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் அசைய மாட்டேன் என்கிறார். அவருடைய பேத்தியே வாசலில் நின்று கேட்டுப் பழகிவிட்டாள். கூத்து நடக்கும் மாசிக்குள் அவரைச் சம்மதிக்கவைக்க முடியுமா என்று பார்க்கிறோம். மஸ்கெலியா அம்மாயியை ஒருநாள் அனுப்பிவைக்க முடியுமா?

மஸ்கெலியாக்காரி

பஸ் காசு கொடுத்தால் வருவார். சனிக்கிழமை மட்டும் முடியாது.