மறுமொழி: கிரீன்ஃபீல்ட் நிலத்துக்குத் தமிழ்ச்சொல்

அன்புடைய சொல்லாக்கக் குழுவினர்க்கு வணக்கம்.

நகரையொட்டி இதுவரை கட்டடம் எழாத நிலத்தில் வீடு, கடை, பணியிடம், பள்ளி எல்லாம் கலந்து அமையும் குடியிருப்பைத் திட்டமிடுவதற்கான சொற்றொகுதியில், அத்தகைய நிலத்தைக் குறிக்கும் 'கிரீன்ஃபீல்ட்' என்பதற்குப் 'பசும்புலம்', 'கன்னிநிலம்', 'வெற்றுநிலம்', 'கட்டாநிலம்' ஆகியவை குழுவில் முன்மொழியப்பட்டிருக்கின்றன. முதலில் 'பசும்புலம்'. செவிக்கு இனிய சொல். புலம் என்பதற்கு வயல் என்ற பொருளும் இருப்பதால் மூலத்துக்கும் நெருக்கமானது. ஆயினும் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

இன்றைய தமிழில் 'பசுமை' நிறத்தைக் குறிப்பதைவிடச் சூழல் காப்பைக் குறிப்பதே மிகுதி. பசுமைக் கட்டடம், பசுமை ஆற்றல் என்று படித்துப் பழகியவர் 'பசும்புல வளர்ச்சி' என்பதைக் கண்டால், சூழலுக்கு இணக்கமான வளர்ச்சி என்றே கொள்வார்; வயலும் மேய்ச்சல் நிலமும் கட்டடமாக மாறப்போகும் செய்தி அவரை எட்டாது. போதாக்குறைக்கு, நகரமைப்பில் 'பசுமை வளையம்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. லண்டனைச் சுற்றியுள்ள நிலங்களுக்கென 1938இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அதன் நோக்கம் அங்கே கட்டடம் பரவாமல் காப்பது. கட்டக்கூடாத நிலமும் கட்டப்போகும் நிலமும் ஒரே அடைமொழியோடு ஒரே அறிக்கையில் வருமானால், எழுதுபவரே தடுமாறுவார்.

'கன்னிநிலம்' வேண்டாம் என்று குழுவில் அம்மையார் ஒருவர் எழுதியதை வழிமொழிகிறேன். தலைமுறைகளாக உழுத நிலத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

'வெற்றுநிலம்' என்பதற்கு என் மறுப்பு இன்னும் வலுவானது. திட்டமிடுபவர் முதலில் களைய வேண்டிய எண்ணமே நிலம் வெறுமையானது என்பதுதான். மழைநீர் எந்தச் சரிவில் இறங்கி எங்கே தேங்குகிறது, எந்த மண் நீரை உறிஞ்சுகிறது, எந்த வரப்பின்மேல் ஊரார் நடந்து நடந்து தடம் விழுந்திருக்கிறது என்பதையெல்லாம் குறித்த பின்னரே தெருக்களை வரைய வேண்டும். மேல்மண்ணைத் தனியே வாரி, வண்டிகள் ஏறி இறுகாதபடி தாழ்வான குவியலாகச் சேமித்தால், பின்னர் பூங்காவுக்கும் தோட்டத்துக்கும் அதுவே உதவும்; அடிமண்ணோடு கலந்து மேடு நிரப்பிவிட்டால் திரும்பக் கிடைக்காது. 'வெற்றுநிலம்' என்று தலைப்பிட்ட வரைபடத்தில் முதலில் விழுவது சாலைக்கோடாகத்தான் இருக்கும். ஓடைக்கோ, பிற்பாடு எங்காவது ஒரு குழாய் ஒதுக்கப்படும்.

ஆக, நிறத்தையோ வெறுமையையோ விட்டுவிட்டு, கட்டடம் எழுந்ததா இல்லையா என்ற ஒன்றையே சொல் காட்ட வேண்டும். இதைச் சோதிக்க ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம் நல்ல களம். அங்கே ரீசல்ஃபெல்ட் என்ற பகுதி, நகரின் கழிவுநீர் நெடுங்காலம் பாய்ச்சப்பட்ட திறந்த நிலம்; 1990களில் அதன் ஒரு பகுதியில் குடியிருப்பு எழத் தொடங்கியது, எஞ்சிய பெரும்பகுதி இயற்கைக் காப்பிடமாக விடப்பட்டது. 1997இலேயே டிராம் வந்துவிட்டதால், பிற்பாடு குடியேறியவர்களுக்குக் காரில்லாமல் நகருக்குப் போகும் பழக்கம் முதல் நாளே வாய்த்தது. அதே நகரின் வோபான் பகுதியோ பிரெஞ்சுப் படையினர் 1992இல் விட்டுச்சென்ற பாசறை. வோபானைப் 'பிரவுன்ஃபீல்ட்', அதாவது முன்பு கட்டடம் இருந்து பயன் ஒழிந்த நிலம், என்பதில் ஐயமில்லை. ரீசல்ஃபெல்டில் கட்டடம் இருந்ததில்லை, மண்ணோ தூய்மையானதன்று. அதைப் 'பசும்புலம்' என்றால் பாதி பொய்யாகிறது. கட்டடமும் மாசும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதை நம் சொல்லாவது மறைக்காமல் இருக்கட்டும்.

நண்பரின் 'கட்டாநிலம்' இந்த வகையில் சரியான தடத்தில் இருக்கிறது. 'ஓடாக் குதிரை' போன்ற எதிர்மறைப் பெயரெச்சம். ஆனால் கட்டாந்தரையின் சாயல் அதில் விழுகிறது. வரி கட்டாத நிலமோ என்று கேட்பவரும் இருப்பார். எனவே 'கட்டெழாநிலம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'இரண்டு கட்டு வீடு' என்று வழங்கும் மொழியில் 'கட்டு' என்றால் கட்டப்பட்டது என்று விளங்கும். இதற்கு இணையாகப் பிரவுன்ஃபீல்டைக் 'கட்டொழிநிலம்' எனலாம். கட்டடம் இருந்து, பயன் ஒழிந்த நிலம். மாசு இருந்தால் 'மாசுற்ற' என்ற அடையை இரண்டில் எதற்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீடும் கடையும் பணியிடமும் கலந்து அமைவதைக் குறிக்கும் 'கலப்புப் பயன்பாடு' கலப்படத்தை நினைவூட்டுகிறது என்று குழுவில் எழுந்த கவலை மிகை. அது வழக்கில் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். நமக்குத் தேவைப்படுவது அதன் உள்வகைகளுக்கான சொற்கள். கீழே கடை, மேலே வீடு என ஒரே கட்டடத்தில் அமைவது 'அடுக்குக் கலப்பு'. தனித்தனிக் கட்டடங்களாக ஒரே தெருவில் அமைவது 'அணிக் கலப்பு'. நானூறு மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்து நிமிட நடைத் தொலைவுக்குள் அன்றாடத் தேவைகள் கிடைக்க வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொது. தெருவின் ஒரு முனையில் வீடுகளையும் நெடுஞ்சாலையோரம் ஒரு வணிக வளாகத்தையும் வைத்துவிட்டுக் கலப்பு என்று விளம்பரம் செய்வதை இந்தப் பகுப்பு ஓரளவேனும் அம்பலப்படுத்தும்.

'சஸ்டெயினபிள்' என்பதற்கு இலங்கையில் 'நிலைபேறான' என்பதும், பிற இடங்களில் 'நீடித்த', 'பேண்தகு', 'வளங்குன்றா' என்பனவும் வழங்குகின்றன. நிலம் பற்றிய இத்தொகுதிக்கு 'வளங்குன்றா' என்பதே பொருத்தம். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகமில்லாமை என்று 1987இல் ஐ.நா. ஆணையம் தந்த விளக்கத்தோடும் அது ஒத்துப்போகிறது. குன்றக்கூடாதது எது என்று கேட்கவும் வைக்கிறது.

எஞ்சியது 'டெவலப்மென்ட்'. 'மேம்பாடு' என்றால், வயலாக இருந்தவரை நிலம் தாழ்ந்து கிடந்தது என்றாகிவிடும். 'ஊராக்கம்' என்பதே என் தேர்வு. நகரையும் நாட்டுப்புறத்தையும் இணைக்க முயன்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் எபனேசர் ஹோவர்டு 1898இல் வரைந்த 'தோட்ட நகர'த்தில் ஆறாயிரம் ஏக்கருள் ஆயிரம் மட்டுமே நகருக்கு, மீதி ஐயாயிரமும் வேளாண்மைக்கு. கட்டாத பகுதியையும் ஊரின் உறுப்பாகவே அவர் கணக்கிட்டார். 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குள் அந்த ஐயாயிரம் ஏக்கர் அடங்காது, 'ஊர்' என்ற சொல்லுக்குள் அடங்கும்.

அகராதிப் பதிவாக: 'கட்டெழாநில ஊராக்கம் – முன்னர்க் கட்டடம் எழாத நிலத்தில், அதன் நீர்வழியும் மண்ணும் அறிந்து, புதிதாக ஊர் அமைத்தல்.' மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதை ஒரு முழு வாக்கியத்திலும் வைத்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.