த்ருவாசியெம் வகுப்பும் ஒரு வார ஸ்தாஜும்: மலையகத்திலிருந்து பிரான்ஸ் போன பெற்றோருக்கு

தலவாக்கலையிலிருந்து அண்மையில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, மகன் இந்த வருடம் த்ருவாசியெம் வகுப்பு. டிசம்பரில் ஒரு வாரம் எங்கேயாவது வேலையிடத்துக்குப் போக வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்?" பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆட்களும் இதையே கேட்பதால் பொதுவில் எழுதுகிறேன். பாரிஸ் புறநகரில் நீண்ட காலம் இருந்துவிட்டு இப்போது ஹட்டனில் வசிக்கிறேன். இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழுகிறது.

தங்கச்சி, அது வேலை இல்லை. ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கும் வாரம். இதைத்தான் ஸ்தாஜ் என்கிறார்கள். கொலேஜ் எனப்படும் இடைநிலைப் பாடசாலையின் கடைசி வகுப்புத்தான் த்ருவாசியெம்; 2005இலிருந்து அதில் இது கட்டாயம். சம்பளம் கிடையாது. ஆபத்தான இயந்திரம் எதிலும் கை வைக்க விடக்கூடாது. பதினைந்து வயது நிரம்பாதவர் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது. நிறுவனமும் பாடசாலையும் நீங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தப் படிவம் பாடசாலைக்குப் போய்ச் சேராமல் பிள்ளை முதல் நாள் வாசலை மிதிக்கக்கூடாது. அதைக் கொன்வொன்சியோன் என்பார்கள். 2024இலிருந்து, கொலேஜுக்கு அடுத்த உயர்நிலைப் பாடசாலையான லிசேயின் முதல் வருடத்திலும் ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் இதேபோல் உண்டு. ஆகவே இப்போது பழகிக்கொள்வது நல்லது.

சிக்கல் எங்கே தெரியுமா? இடம் தேடுவதில். கடிதம் வந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் யாராவது ஒருவருக்குப் போன் போடுவது. அவரும் நல்ல மனிதர், உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். பிள்ளை ஐந்து நாள் மரக்கறிப் பெட்டி அடுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுக்கும். வேலை முடிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சாதாரண தரம் எழுதிய கையோடு நம் தோட்டத்துப் பையன்களைப் புறக்கோட்டைக் கடைகளுக்கு ஏற்றி அனுப்புகிறோமே, அதே பாதைதானே இது? பஸ்ஸுக்குப் பதிலாக விமானம் ஏறியிருக்கிறோம், அவ்வளவுதான். கடை வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. அந்தக் கடைகள்தான் பலருக்கு முதல் வருடங்களில் சோறு போட்டன. ஆனால் அந்தத் தொழிலைப் பிள்ளை ஏற்கெனவே அறியும். நம் வீட்டில் யாருமே பார்த்திராத ஒரு தொழிலுக்குள் பிள்ளையை அனுமதியோடு நுழைய விடுகிறது அரசாங்கம். லயத்தில் வளர்ந்த நமக்குத் தெரிந்த தொழில்கள் எத்தனை? கொழுந்து, தொழிற்சாலை, கணக்கப்பிள்ளை, ஆசிரியர், பிறகு கொழும்புக் கடை. இங்கே ஹட்டனில் இன்றைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் உயர்தரத்தில் கலையா வர்த்தகமா விஞ்ஞானமா என்று முடிவெடுப்பது, பாடசாலையில் எந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான்.

ஆகவே செப்டம்பரிலேயே தொடங்குங்கள். கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும், கதவைப் பிள்ளையே தட்டட்டும். நீங்கள் தெருமுனையில் நின்றால் போதும். மிருக வைத்தியர், அச்சகம், நகரசபை, மருந்துக்கடை, மரவேலைப் பட்டறை, கட்டட வரைபடம் போடும் அலுவலகம் என்று எதையும் விட வேண்டாம். பத்து இடத்தில் இல்லை என்பார்கள். பதினொன்றாவது இடத்தில் ஆம் என்பார்கள். மொழி சரியாக வராத பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் அக்காவின் மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். முன்பக்கத்தில் வாடிக்கையாளரோடு பேசும் வேலை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. பின்னறையில் வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி வெட்டி விளிம்பு தேய்க்கும் இடத்தை விட்டு அவளை நகர்த்த முடியவில்லையாம். அறிக்கையில் இரண்டையும் அப்படியே எழுதினாள். எனக்குப் பிடித்தது அதுதான். பிடிக்கவில்லை என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று சில பெற்றோர் பயந்து, பிள்ளையைப் பொய்யாகப் புகழ வைக்கிறார்கள். தேவையில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எழுதத் தெரிந்தால் அதைத்தான் ஆசிரியர்கள் விரும்புகிறார்கள்.

இந்த வாரத்துக்குப் பிறகு வரும் காகிதம்தான் முக்கியமானது. இரண்டாம் தவணையில், அடுத்த வருடம் பொது லிசேயா தொழில் லிசேயா என்று உங்கள் விருப்பத்தைக் கேட்டு ஒரு படிவம் வரும். அது தற்காலிக விருப்பம். மூன்றாம் தவணையில் இறுதி விருப்பம் கேட்பார்கள். பலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். பாடசாலையின் முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் அதிபரைச் சந்தித்துப் பேச உரிமை உண்டு. அதன் பிறகும் ஒத்துவராவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் மேன்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு மூளையில் குறையில்லை, மொழியில்தான் குறை. அந்த ஒரே காரணத்துக்காக, கேட்காத ஒரு தொழிற்பயிற்சிக்குப் பிள்ளை தள்ளப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அப்போது வாய் திறக்க வேண்டும்.

அதேபோல், பிள்ளை தானே விரும்பித் தொழில் லிசே கேட்டால் வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். இங்கிருந்து போகும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றித்தான் சொல்கிறேன். "பிரான்ஸ் வரை போயும் மகன் ஓடாவி வேலையா படிக்கிறான்?" என்று கொட்டகலையில் இருந்துகொண்டு பெரியப்பா கேட்பார். அவருக்குச் சொல்லுங்கள்: தொழில் லிசேயில் மூன்று வருடம் முடித்தால் அதுவும் லிசே முடிவில் எழுதும் பக்கலோரேயா பரீட்சைதான், அதற்கு மேல் பேடெஎஸ் என்ற இரண்டு வருடத் தொழில் டிப்ளோமா படிக்க வழி உண்டு. அப்போதும் அவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நானுஓயாச் சகோதரி ஒருவர் வேறொன்று கேட்டிருக்கிறார்: மகளைப் பாடசாலைப் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்கு அனுப்பச் சொல்கிறார்கள், தெரியாத வீட்டில் பெண்பிள்ளையை எப்படி விடுவது?

இதிலும் அக்காவின் மகள், அந்த மருமகளின் கதைதான் கைவசம் இருக்கிறது. ஜெர்மன் மொழி படித்ததால் பிரிஜித் சோசே என்ற திட்டத்தில் போனாள். 1963இல் தொடங்கிய பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் நடத்துவது அது. ஏறத்தாழ மூன்று மாதம் ஒரு ஜெர்மன் பிள்ளையின் வீட்டில் தங்கி, அந்தப் பிள்ளையின் வகுப்பிலேயே உட்கார வேண்டும்; பிறகு அந்தப் பிள்ளை அதே அளவு காலம் பிரான்சுக்கு வந்து தங்கும். அங்கே அவளுடைய தோழிக்கு வகுப்போடு தொழில் பார்க்கும் வாரங்கள் வந்தபோது இவளும் ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் போனாள். ஜெர்மனியில் கண்ணாடித் தொழிலை மூன்று வருடம் கடையிலும் தொழிற்பாடசாலையிலும் மாறி மாறிக் கற்கிறார்கள், கற்கும்போதே சம்பளமும் உண்டு என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்து, பிரான்சிலும் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. பக்கலோரேயாவுக்குப் பிறகு கண்ணாடித் தொழிலுக்கான பேடெஎஸ் படிப்பை ஒரு கடையில் சம்பளத்துடன் பயிலுநராக இருந்தபடியே முடித்தாள்.

பயம் இருக்கத்தான் செய்யும். போவதற்கு முன் அந்த வீட்டாரோடு வீடியோவில் பேசுங்கள், தாயையும் தகப்பனையும் பாருங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை என்றால் அதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். "எல்லாம் சாப்பிடுவாள்" என்று மரியாதைக்குச் சொல்ல வேண்டாம். நம் ஆட்களை உண்மையில் தயங்க வைப்பது மறுபாதிதான்: அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வரும். இரண்டு அறை வீடு, கூடத்தில் தம்பி படுக்கிறான், சமையலறையில் கருவாட்டு வாசம். வெட்கப்பட்டு அனுப்பாமலே விடுகிறார்கள். அக்காவின் வீடும் அவ்வளவுதான். வந்த ஜெர்மன் பிள்ளைக்குக் கட்டில் கொடுத்து இவள் தரையில் பாய் விரித்தாள். அந்தப் பிள்ளை ரொட்டியும் கட்டச்சம்பலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. வீட்டின் அளவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். அதற்கேற்ற துணையைத்தான் ஆசிரியர் தேடுவார்.

காகிதங்களைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். பெற்றோர் இல்லாமல் பிரான்சை விட்டு வெளியே போகும் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோருக்கும், 2017 ஜனவரியிலிருந்து, பெற்றோர் கையெழுத்திட்ட வெளியேறும் அனுமதிப் படிவமும் கையெழுத்திட்டவரின் அடையாள ஆவணப் பிரதியும் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளை திரும்பி வருவதற்கு, தேஸெயெம் எனப்படும் சிறுவர் பயண ஆவணத்தைப் பிரெபெக்தூர் என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் எடுத்து வையுங்கள். அது கைக்கு வர நாளாகும், பரிமாற்றம் பற்றிய பேச்சு எழுந்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

படிவத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆனால் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அழைக்காதீர்கள். கோடையில் உங்களைவிட நாங்கள் மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. ஞாயிறு காலை அழைத்தால் ஆறுதலாகப் பேசலாம்.