ஜனவரியில் முனிச் பயணம்: தடுப்பூசி அட்டை, காய்ச்சல் மருந்து, கீட்டா

நெய்தல்:
வணக்கம். சென்னையிலிருந்து ஜனவரியில் முனிச்சுக்குக் குடிபோகிறோம். மகளுக்கு 2 வயது 10 மாதம், 13 கிலோ. மகனுக்கு 8 மாதம், 8 கிலோ. நம்ம ஊர் தடுப்பூசி அட்டை அங்கே செல்லுமா? காய்ச்சலுக்கு எதை எடுத்துப் போவது? மகளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கீட்டாவில் (அங்குள்ள மழலையர் பகல் பராமரிப்பு மையம்) எப்படிப் பழக்குவார்கள்?

மருதாணி:
அட்டை செல்லும். ஆனால் மகளுக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணை போட்ட தேதி அதில் தெளிவாக இருக்க வேண்டும். 2020 மார்ச் 1 முதல் ஜெர்மனியில் இது சட்டம்: ஒரு வயதானால் ஒரு தவணை, இரண்டு வயதானால் இரண்டு. இல்லாவிட்டால் கீட்டாவில் சேர்க்க மாட்டார்கள். நம்ம ஊர் அரசு அட்டவணையில் 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் போடும் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிதான் அது. இரண்டாவது தவணை விட்டுப்போயிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். அங்கே புதிதாக ஒரு குழந்தை மருத்துவரைப் பிடிக்கவே நாளாகும்.

அட்டை தமிழில் இருந்தால், மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். "எல்லாம் போட்டாயிற்று" என்ற ஒருவரிச் சான்று உதவாது. எம்ஆரில் பொன்னுக்குவீங்கிக்குப் பாதுகாப்பு கிடையாது, ஆகவே அங்கே அதுவும் சேர்ந்த எம்எம்ஆர் போடச் சொல்லலாம். மகனுக்குத் தட்டம்மை ஊசிக்கு அவசரமில்லை. அங்கே முதல் தவணையே 11 மாதத்தில்தான். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி கிருமிக்கான ஊசியை 2024 முதல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே அதைக் கேளுங்கள்.

கருவேப்பிலை:
மருந்தில் ஆபத்து அளவில்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10–15 மி.கி. நம்ம ஊர் சிரப் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 250 மி.கி. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. ஜெர்மன் சிரப்பில் மி.லி.க்கு 40 மி.கி., அதாவது 5 மி.லி.யில் 200 மி.கி. "எப்போதும் போல 5 மி.லி." என்று அதை மகனுக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 25 மி.கி. ஆகிவிடும், மிக அதிகம். மகளுக்கு அதே 5 மி.லி. கிலோவுக்குச் சுமார் 15 மி.கி., அதாவது உச்ச அளவை ஒட்டி வரும், அதற்கு மேல் வேண்டாம். பாட்டில் மூடியில் இரண்டு பேருக்குமான மி.லி. கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள், நடுராத்திரியில் கணக்குப் போட வேண்டாம். அளந்து கொடுக்க ஊசியில்லாச் சிரிஞ்சு ஒன்று போதும்.

மருத்துவரின் கிளினிக் மூடிய நேரத்தில் 116117 என்ற எண்ணை அழையுங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் 112.

வெண்டைக்காய்:
கீட்டாவில் பழக்குவதற்குப் பெரும்பாலும் பெர்லின் முறைதான். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும், பிரிக்கவே மாட்டார்கள். நான்காம் நாள் சில நிமிடம் வெளியே போய்ப் பார்ப்பார்கள், அது திங்கட்கிழமையாக இருந்தால் மறுநாள். பிள்ளை சமாதானமாகவில்லை என்றால் நேரத்தைக் குறைப்பார்கள். ஆகவே ஒருவருக்கு நான்கு வாரமாவது வேலையில் விடுப்பு வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டாம் வாரமே இருவரும் வேலைக்குக் கிளம்பினால் சிக்கல்தான்.

தண்ணி, பசிக்குது, மூச்சா, ஆய், வலிக்குது, அம்மா வருவாங்க: இவற்றை ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு எழுதி, எதிரே ஜெர்மன் பொருளும் போட்டு ஆசிரியையிடம் கொடுங்கள். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். ஜெர்மன் கீட்டாவில் தானாக வரும், தமிழ் உங்களிடமிருந்து மட்டும்தான் வரும்.

நெய்தல்:
மூவருக்கும் மிக்க நன்றி. விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் மகனை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

மருதாணி:
கூடாதுங்க. இருவருக்கும் குழந்தை இருக்கை வேண்டும் என்று சொல்லி டாக்ஸியை முன்பதிவு செய்யுங்கள். மகனுக்குப் பின்னோக்கிய இருக்கைதான். பஞ்சு வைத்த குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட் மாட்டி, அதன்மேல் போர்வை போர்த்துங்கள். ஜாக்கெட்டோடு மாட்டினால் மோதும்போது பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும்.