ஜி.டி.ஏ 5 கார்ல போனா திக்குது: கார்டா, ரேமா, எஸ்.எஸ்.டியா?

ரோட்டோரம்: ஐ5 10400எஃப் சி.பி.யூ, ஹெச்410 மதர்போர்டு, 8 ஜி.பி ரேம் (வேகம் 2666, ஒரே ஸ்டிக்), கிராஃபிக்ஸ் கார்டு ஜி.டி.எக்ஸ் 1650 4 ஜி.பி. டிஸ்க் 1 டி.பி ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேம் ஜி.டி.ஏ 5, 2015ல வந்த பழைய பதிப்பு. நடந்து போனா பிரச்சினையே இல்ல. கார்ல வேகமா போனா அப்பப்ப அப்படியே நின்னு, அப்புறம் ஓடுது. சராசரி 74 எஃப்.பி.எஸ் (நொடிக்கு 74 ஃப்ரேம்), 1% லோ, அதாவது ரொம்ப மெதுவான 1% ஃப்ரேம்களோட கணக்கு, 21. ஏதாவது ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்க?

கார்டுபிரியன்: 1650ஐ வித்துட்டு செகண்ட் ஹேண்ட் ஆர்.எக்ஸ் 6600 எடுங்க. 4 ஜி.பி வீ-ரேம் (கார்டோட சொந்த மெமரி) காலமெல்லாம் போச்சு ப்ரோ. ரேம் எப்ப வேணா சேர்த்துக்கலாம்.

மில்லிசெகண்ட்: அவர் கொடுத்த எண்ணையே பாருங்க. கார்டு போதலைன்னா சராசரியே 35, 40ன்னு கிடக்கும், நடந்தாலும் ஓட்டினாலும் மந்தமாவே இருக்கும். இங்க சராசரிக்கும் 1% லோவுக்கும் மூணு மடங்குக்கு மேல இடைவெளி. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் நேரம். பத்து நொடிக்கு ஒரு ஃப்ரேம் 100 மில்லிசெகண்ட் இழுத்தா சராசரி ஒரு எஃப்.பி.எஸ் கூட இறங்காது, ஆனா கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும். ஆஃப்டர்பர்னர், ரிவாடியூனர்னு ரெண்டு கண்காணிப்பு சாஃப்ட்வேரையும் போட்டு ஃப்ரேம்டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகுற நேரம்) கிராஃப், ஜி.பி.யூ யூசேஜ், வீ-ரேம், ரேம் நாலையும் திரையில வைங்க. நிக்கிற நேரத்துல யூசேஜ் 97க்கு மேலயே இருந்தா கார்டு திணறுது. சடார்னு விழுந்தா கார்டு வேலையில்லாம காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கார்டுபிரியன்: பாதிதான் சரி. வீ-ரேம் நிரம்பினாலும் யூசேஜ் விழும். வழிஞ்ச டெக்ஸ்சர் சிஸ்டம் ரேமுக்குப் போய் பி.சி.ஐ.இ வழியா, அதாவது கார்டையும் போர்டையும் இணைக்கிற பாதை வழியா வரணும். அந்த போர்டுல 3.0தான், 16 லேனும் (டேட்டா தடம்) சேர்ந்து நொடிக்கு 16 ஜி.பிக்குக் கொஞ்சம் கம்மி. ஜி.டி.டி.ஆர்5 போட்ட 1650யோட சொந்த மெமரி வேகம் நொடிக்கு 128 ஜி.பி. எட்டுல ஒரு பங்கு வேகத்துல வந்தா திக்காம என்ன செய்யும்?

மில்லிசெகண்ட்: அதைச் சோதிக்கக் காசு வேண்டாமே. டெக்ஸ்சர் குவாலிட்டியை நார்மலுக்கு இறக்கி, எம்.எஸ்.ஏ.ஏவை (ஓரங்களை வழவழப்பாக்குற செட்டிங்) ஆஃப் பண்ணி, கேமை மூடித் திறந்து அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டுங்க. திக்கல் போச்சுன்னா நீங்க சொன்னதுதான். இல்லன்னா வேற இடத்துல தேடணும். எக்ஸ்டெண்டட் டிஸ்டன்ஸ் ஸ்கேலிங்கையும் (தூரத்துல இருக்கிறதை விவரமா காட்டுற செட்டிங்) பூஜ்யத்துல வைங்க, அது சி.பி.யூவையும் சேர்த்து இழுக்கும்.

ரோட்டோரம்: போட்டுப் பார்த்தாச்சு. அதே திக்கல். வீ-ரேம் 2.1 ஜி.பிதான். நிக்கும்போது ஜி.பி.யூ 30க்கு விழுது. ரேம் 7.6 ஜி.பி. பின்னாடி குரோமும் டிஸ்கார்டும் ஓடுது.

ஸ்க்ரூடிரைவர்: அப்படியானால் முதலில் எஸ்.எஸ்.டி வாங்குங்கள். 7200 ஆர்.பி.எம் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் நகர இன்னும் எட்டு, ஒன்பது. ஒரு துண்டு டேட்டாவைத் தேடி எடுக்கவே 12, 13 மில்லிசெகண்ட். இரண்டு துண்டு என்றால் உங்கள் 16.7 போய்விட்டது. சாட்டா எஸ்.எஸ்.டிக்கு இது 0.1 அளவில்தான். விண்டோஸ், கேம், பேஜ்ஃபைல் (ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு) மூன்றும் அதற்கே மாறிவிடும். 2025இல் வந்த இதே கேமின் புதிய பதிப்புக்கு எஸ்.எஸ்.டி கட்டாயம் என்றே போட்டிருக்கிறார்கள்.

கார்டுபிரியன்: டிஸ்க் மெதுவா இருந்தா கட்டடம் லேட்டா முளைக்கும், ரோடு மங்கலா தெரியும். ஃப்ரேம் எதுக்கு நிக்கணும்? கேம் தனி த்ரெட்ல, அதாவது மெயின் வேலைக்குப் பக்கத்துல தனியாதானே டேட்டா படிக்குது.

மில்லிசெகண்ட்: கேம் தானா கேட்டுப் படிக்கிற டேட்டாவுக்கு நீங்க சொல்றது சரி. பேஜ்ஃபைல் விவகாரம் வேற. ரேம்ல இடமில்லாம விண்டோஸ் டிஸ்குக்குத் தள்ளின பக்கத்தை மெயின் த்ரெட் தொட்டுச்சுன்னா, அது திரும்பி வர்ற வரைக்கும் அந்த த்ரெட் நின்னே ஆகணும். ரிசோர்ஸ் மானிட்டர்ல மெமரி டேபைத் திறந்து கேமுக்கு நேரா 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (டிஸ்க்ல இருந்து பக்கம் எடுக்க வேண்டி வந்த எண்ணிக்கை) பாருங்க. திக்கும்போதெல்லாம் அது நூறு, இருநூறுன்னு எகிறினா சந்தேகமே வேண்டாம். எஸ்.எஸ்.டி போட்டா அந்த நிறுத்தம் சின்னதாகும், ரேம் போட்டா வராது. இன்னொரு 8 ஜி.பி ஸ்டிக் போதும். டூயல் சேனலும் (ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல டேட்டா தர்றது) கிடைக்கும், நொடிக்கு 21.3 ஜி.பி இருந்த பேண்ட்வித் 42.6 ஆகும். ஒத்தை 16 ஜி.பி ஸ்டிக் வாங்கிப் பழசைக் கழட்டிடாதீங்க, சேனல் ஒண்ணாவே நின்னுடும்.

கடைக்காரர் 3200 ரேம் வேகமா இருக்கும்னு சொல்லுவார். ஹெச்410ல 10400எஃப் 2666ஐத் தாண்டாது. ரெண்டும் ஒரே விலைன்னா வாங்கலாம், கூடுதல் காசு கொடுக்காதீங்க. போட்ட பிறகு சி.பி.யூ-இசட் சாஃப்ட்வேர்ல மெமரி டேப் ரெண்டு சேனல்னு காட்டணும். டாஸ்க் மேனேஜர்ல வேகம் 2133ல நின்னா பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங் மெனு) போய் 2666ன்னு கையால வைங்க.

ஸ்க்ரூடிரைவர்: 16 ஜி.பி போட்டாலும் அந்த ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் இறங்கினால் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் உட்காரும். அப்போது எல்லாமே திக்கும். என் வரிசை மாறாது.

மில்லிசெகண்ட்: அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம். இல்லாத ரேமை எங்க போய் எடுக்கிறது?

கார்டுபிரியன்: எது வாங்கினாலும் ஒரு வருஷத்துல கார்டுக்கு வந்துதான் ஆகணும். இப்பவே எடுத்துடலாம்.

ஸ்க்ரூடிரைவர்: எடுப்பதற்கு முன் கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ்ஸை (பவர் சப்ளை) பார்க்கச் சொல்லுங்கள். 1650 75 வாட், பல மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். 6600க்கு 132 வாட், 8 பின் கேபிள் வேண்டும். கேபினட்டோடு சேர்ந்து வரும் "450 வாட்" பெட்டிகளில் பெரும்பாலும் அந்த 8 பின்னே இருக்காது. மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டினால் லோடு ஏறும்போது ரீஸ்டார்ட் ஆகும். அதற்குப் பயந்து 6500 எக்ஸ்.டிக்குப் போகாதீர்கள். அதுவும் பெரும்பாலும் 4 ஜி.பிதான், 4 லேன் மட்டுமே உள்ளதால் பி.சி.ஐ.இ 3.0 போர்டில் நொடிக்கு 4 ஜி.பிதான் வரும்.

ரோட்டோரம்: குரோமையும் டிஸ்கார்டையும் மூடிட்டு ஓட்டினேன். ரேம் 6.4, 1% லோ 38. அதே மாடல் 8 ஜி.பி ஸ்டிக் ஒண்ணு ஆர்டர் சொல்லிட்டேன்.

மில்லிசெகண்ட்: வந்ததும் ரிவாடியூனர்ல 60க்கு லிமிட் போடுங்க. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 74 ஓட்டினா படம் கிழியும், சி.பி.யூவும் சும்மா சூடாகும்.

கார்டுபிரியன்: 38லயும் திக்கத்தான் செய்யும். ஸ்டிக் போட்ட பிறகு டெக்ஸ்சரை வெரி ஹைல வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டி எண்ணைப் போடுங்க, பார்க்கலாம்.