இலையுதிர்காலக் கடைசியில் ட்ரவுட் தேடி

மரங்கள் முக்கால்வாசி மொட்டையாகிவிட்ட பிறகு ஃபிளை தூண்டிலோடு, அதாவது இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோல் கட்டிய முள்ளோடு, மலை ஆற்றுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, விடிவதற்கு முன்பே ஓட வேண்டாம் என்பதுதான். கோடையில் அது சரி. நவம்பர் காலையில் கோலின் வளையங்களில் பனி உறைந்து தூண்டில் நரம்பை நகரவிடாது. அதை விரலால் தேய்த்து உடைப்பதிலேயே பொழுது போய்விடும். ட்ரவுட் குளிர்நீர் மீன்தான், ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது சுறுசுறுப்பாக இரை தேடும் மீன், 5 டிகிரிக்குக் கீழே போனால் மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். அதன் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிரக் குளிரச் செரிமானமும் மந்தமாகிவிடும். அதனால் கரைக்குப் போனதும் ஃபிளையைக் கட்டுவதற்கு முன் வெப்பமானியைத்தான் தண்ணீரில் விடுவேன். காலையில் 4 டிகிரி காட்டிய நீர் பிற்பகலில் 6 ஆகிவிட்டால் போதும், அதே மடுவில் மீன் எழும்பத் தொடங்கும். நண்பகல் முதல் மூன்று மணி வரைதான் உண்மையான மீன்பிடி நேரம்.

அந்த மூன்று மணி நேரத்தில் வெயில் அடிப்பதைவிட வானம் மூடிக்கிடப்பதையே நான் விரும்புவேன். பேட்டிஸ் வகை மேஃபிளைகள் என்னும் சிறு நீர்ப்பூச்சிகள் இந்தக் குளிரிலும் நீருக்கு மேலே வந்து தோலுரிக்கும். காற்று உலர்ந்திருந்தால் சிறகு சீக்கிரம் காய்ந்து பறந்துவிடும். தூறல் நாளில் சிறகு காயத் தாமதமாகும். அதுவரை பூச்சி நீரோட்டத்தோடு மிதந்து வந்துகொண்டே இருக்கும். குளிரில் வலுவைச் செலவழிக்க விரும்பாத மீனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அப்படி ஒரு தூறல் பிற்பகலில் பாறை ஒன்றின் பின்னால், வேகநீரும் நிதானநீரும் உரசிக்கொள்ளும் கோட்டில், ஒரு மீன் மேய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. முதலில் மூக்கின் நுனி, அடுத்து முதுகுத்துடுப்பு, கடைசியில் வாலின் மேல்முனை. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. கட்டியிருந்தது 20ஆம் எண் முள், அரிசிமணி அளவுதான். இலையுதிர்கால ஆறு வற்றித் தெளிந்திருக்கும். தாழ்ந்த வெயில் எட்டிப் பார்த்தால் நிழலும் நீளமாக விழும். நீருக்கு வெளியே உள்ளவற்றை மீன் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கூம்பு ஏறத்தாழ 97 டிகிரி விரிந்தது. அதன் ஓரத்துக்குக் கீழே நம்மை ஒடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதால் மண்டியிட்டபடியேதான் வீசினேன். மிதந்து வரும் இலைகள் முள்ளில் மாட்டிக்கொண்டே இருந்தன. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே கிடைத்த இடைவெளியில் ஃபிளை விழுந்தது. நரம்பை மேல்நீர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். ஃபிளை இழுபடாமல் வந்தது. அதே மூக்கு நுனி எழுந்தது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை பளிச்சிடும் ரெயின்போ ட்ரவுட். எனக்கு இந்தப் பருவத்தில் ரெயின்போதான் வேண்டும். அது வசந்தத்தில் முட்டையிடுவது. இப்போது அதற்கு வேறு வேலை இல்லை.

பிரவுன் ட்ரவுட்டின் கதை அப்படியல்ல. அதை எனக்குக் கண்ணால் காட்டியவர் என்னோடு வந்த மூத்தவர் ஒருவர். ஒரு மடுவின் வால்பகுதியில், நீர் மேடேறி வேகமெடுக்கும் இடத்தில், ஆற்றைக் கடக்கப் போனோம். “தம்பி, அப்படியே நில். வலப்பக்கம் சரளையைப் பார்” என்றார். சுற்றிலும் பாசி படிந்து கருத்த கற்கள். நடுவே மட்டும் யாரோ கழுவி வைத்தாற்போல் வெளிறிய ஒரு திட்டு. அதன் மேல் பெண்மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளையை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் வயிற்றின் வெண்மை மின்னி மறைய, வண்டல் புகைபோல் கிளம்பி ஓடியது. பக்கத்தில் தாடை வளைந்த பெரிய ஆண்மீன் உடலெல்லாம் நடுங்க நெருங்கி நின்றது. வேறு ஆண்மீன் வந்தால் பாய்ந்து விரட்டியது. அது விரட்டப் போன நேரம் பார்த்து, கையளவுகூட இல்லாத சின்ன ஆண்மீன் ஒன்று கல்லிடுக்கிலிருந்து உள்ளே புகுந்தது. முட்டைகள் விழுந்ததும் பெண்மீன் சற்று மேலே நகர்ந்து புதிதாகத் தோண்ட, அந்தச் சரளை கீழிறங்கி முட்டைகளை மூடியது.

மடுவின் வால்பகுதியை அது தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நீர் சரளைக்குள் இறங்கி ஊடுருவிப் போகிறது. புதைந்திருக்கும் முட்டைகளுக்கு ஆக்ஸிஜன் அந்த வழியாகத்தான் கிடைக்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் அவை அங்கேதான் கிடக்கும். ஒரு பூட்ஸ் கால் பதிந்தால் பல முட்டைகள் நசுங்கிவிடும். அன்று நாங்கள் வந்த வழியே திரும்பி, வெகுதூரம் கீழே போய்ப் பாறைப் படுகையில் கடந்தோம். முட்டைக்குழிக்குச் சற்றுக் கீழே ரெயின்போக்கள் சிதறி வரும் முட்டைகளைத் தின்ன வரிசை கட்டி நிற்கும் என்பது பலருக்கும் தெரியும். அங்கே முட்டை வடிவ ஃபிளையை ஓடவிட்டால் எளிதில் அகப்படும். சட்டம் அதை அனுமதிக்கும் இடங்களிலும் எனக்கு அது உடன்பாடில்லை. வீசும் முள் தாய்மீனின் முதுகில் குத்தாது என்பதற்கு யாராலும் உறுதி தர முடியாது. இந்த மாதங்களில் பிரவுன் ட்ரவுட்டுக்குத் தடைக்காலம் அறிவித்திருக்கும் ஆறுகள் ஏராளம்; நீங்கள் போகும் நீர்நிலையின் விதியைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஆறு வேண்டாம் என்று தோன்றும் நாட்களில் மலை ஏரிக்குப் போகிறேன். கோடை முழுவதும் மேலே வெதுநீரும் கீழே குளிர்நீருமாகப் பிரிந்துகிடந்த ஏரி, இப்போது மேற்பரப்பு குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, காற்றும் கலக்கிவிட, அடி முதல் மேல் வரை ஒன்றாகிவிடும். ஆழத்தில் ஒதுங்கியிருந்த ட்ரவுட் முழங்கால் அளவு நீருக்கே வந்து கரையோரமாக வட்டமடிக்கும். ஆகவே நீருக்குள் இறங்கக் கூடாது. கரையிலிருந்து சில அடி பின்னால் நின்றே வீச வேண்டும்.

எனக்கு நினைவில் நிற்கும் ஏரி மீனும் அப்படி வந்ததுதான். காற்று அலைகளைத் தள்ளிவந்து மோதும் கரை. சிறுமீன்போல் கட்டிய ஆலிவ் நிற ஸ்ட்ரீமர் ஃபிளையை ஒரு சாண் இழுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தேன். கருத்த உருவம் ஒன்று பின்னாலேயே வந்தது. இழுக்கும்போது தொடர்ந்தது, தொடவில்லை. கரைக்கு மிக அருகில், இனி இழுக்க இடமில்லை என்ற நிலையில் கையை அப்படியே நிறுத்தினேன். ஸ்ட்ரீமர் தலைகுப்புறச் சரிந்த நொடியில் வாயைத் திறந்து எடுத்துக்கொண்டது. நல்ல கனமான ரெயின்போ.

அதை நீரை விட்டு வெளியே தூக்கவே இல்லை. உறைகுளிர்க் காற்றில் செவுள் இழைகள் உறைந்து சேதமாகலாம் என்பதால் படம் எடுக்கக்கூட மனம் வரவில்லை. கையுறையைக் கழற்றி, கையை நனைத்துக்கொண்டு, முள்ளை மட்டும் பிடித்துத் திருகினேன். முனையருகே பின்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள் இல்லாத முள் என்பதால் உடனே கழன்றுவிட்டது. மீன் போன பிறகும் விரல்களுக்கு உணர்வு திரும்ப நெடுநேரமாயிற்று. மாற்றுக் கையுறையும் உலர்ந்த ஆடையும் பையில் இருந்ததால்தான் இருட்டும் வரை அந்தக் கரையிலேயே நிற்க முடிந்தது.